டெல்டா வீட்டு வாசலுக்கு எந்தப் புல் சரிப்படும்?

வீடு கட்டி, காம்பவுண்டு சுவர் எழுப்பி, வாசலில் கொஞ்சம் இடம் மிஞ்சினால் அங்கே புல்தரை போட வேண்டும் என்ற ஆசை தானாக வந்துவிடுகிறது. நல்ல ஆசைதான். சித்திரை மாதத்துச் சாயங்காலம் சிமெண்டுத் தரையிலும் புல்லிலும் வெறுங்காலோடு மாறி மாறி நடந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ஆசை வந்ததும் நேரே நர்சரிக்குப் போய், வேர்மண்ணோடு துண்டு துண்டாக வெட்டி, தண்ணீர் தெளித்துப் பச்சைப் பசேலென்று அடுக்கி வைத்திருக்கும் புல் கட்டைகளைப் பார்த்து, சதுர அடி என்ன விலை என்று கேட்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம். நர்சரியில் எல்லாப் புல்லும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் வாசலின் வெயிலும் மண்ணும் தண்ணீரும் எப்படி என்று பார்த்த பிறகுதான் புல்லின் பெயரையே பேச வேண்டும்.

மன்னார்குடிப் பக்கம் என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு நர்சரியில் கொரியன் புல் வாங்கி வாசல் முழுக்கப் பதித்தார்கள். ஓரத்தில் பழைய மாமரம் ஒன்று, மற்றபடி திறந்த இடம். ஆவணி, புரட்டாசி வரை பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி. ஐப்பசியில் அடைமழை பிடித்தது, வாசலில் நாலைந்து நாள் தண்ணீர் நின்றது. தை மாதம் பொங்கலுக்குப் போனபோது மாமரத்தடியில் வெறும் மண், மற்ற இடத்தில் திட்டுத்திட்டாகப் பழுப்பு. ஒரு திட்டைக் கையால் பிடித்து இழுத்தேன், பாய் சுருட்டுவதுபோல அப்படியே வந்தது. அடியில் வேர் ஒரு விரல்கடை கூட இறங்கவில்லை. அதற்குக் கீழே கருப்பாக, வழவழவென்று, சாக்கடை வாடையோடு களிமண். புல்மேல் குற்றம் சொல்ல முடியாது. நிழலும் தேங்கிய தண்ணீரும் இருக்கும் இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்ததுதான் தவறு.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். புல்தரைப் புற்களை வெப்பப் பருவப் புல், குளிர்ப் பருவப் புல் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். அருகு, கொரியன், எருமைப்புல் எல்லாம் முதல் வகை. 27 முதல் 35 டிகிரி வரை வெயில் அடித்தால்தான் இவை நன்றாக ஓடும். கரும்பும் மக்காச்சோளமும் வெயிலைச் சாப்பாடாக்கும் அதே முறைதான் இவற்றுக்கும். ஃபெஸ்க்யூ, ரை, புளூகிராஸ் என்று ஆன்லைனில் விதைப் பாக்கெட் விற்கிறார்களே, அவை இரண்டாவது வகை. பாக்கெட் மேல் போட்டிருக்கும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தஞ்சாவூர், திருவாரூர் வெயிலில் அவை பிழைக்காது, வாங்காதீர்கள். இணையத்தில் படிக்கும் வழிகாட்டிகளில் பாதி அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்காக எழுதியவை. எந்தப் புல் பனியைத் தாங்கும், குளிர்காலத்தில் எது பழுப்பாகும் என்றே அவற்றில் முக்கால்வாசி போகும். நமக்கு அந்தக் கவலையே இல்லை. மார்கழிக் குளிரில் புல் கொஞ்சம் மெதுவாக வளரும், அவ்வளவுதான். நம் ஊரில் புல்லைக் கொல்வது மூன்று: நிழல், தேங்கும் தண்ணீர், உப்பு. அதனால் இந்த மூன்றையும்தான் முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

வெயிலை எப்படி அளப்பது

ஒரு விடுமுறை நாளில் தென்னங்குச்சி நாலைந்தை எடுத்து வாசலில் ஆங்காங்கே குத்தி வையுங்கள். காலை 8 மணியிலிருந்து மணிக்கொரு முறை எட்டிப் பார்த்து, எந்தக் குச்சி வெயிலில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். நேரடி வெயில் 6 மணி நேரத்துக்கு மேல் விழுகிற இடம் ஒரு ரகம், 4 மணி நேரம் விழுகிற இடம் இன்னொரு ரகம், 3 மணி நேரத்துக்கும் குறைவு என்றால் அங்கே புல்லை மறந்துவிடுவது நல்லது.

இதில் பலரும் கோட்டை விடுவது ஒன்று உண்டு. ஆனி மாதம் அளந்துவிட்டு வருஷம் முழுக்க அப்படியே வெயில் இருக்கும் என்று நம்பிவிடுவார்கள். நம் ஊரில் ஆனியில் உச்சி வெயில் லேசாக வடக்கே சாய்ந்து விழும், மார்கழியில் நன்றாகத் தெற்கே போய்விடும். 20 அடி உயரச் சுவர் மார்கழி நடுப்பகலிலேயே வடக்குப் பக்கம் கிட்டத்தட்ட 14 அடி தூரத்துக்கு நிழல் போடும். வீட்டுக்கு வடக்கே புல் போடுகிறவர்கள் இந்த 14 அடியைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மழை, மேகம், ஈரம், நிழல் எல்லாம் ஒரே காலத்தில் சேர்ந்து வருவதால்தான் கார்த்திகை, மார்கழியில் புல் அழுகுகிறது.

தண்ணீரும் மண்ணும்

ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி வெட்டுங்கள். வெட்டும்போதே பாதிக் கதை தெரிந்துவிடும். புதிதாகக் கட்டிய வீடு என்றால் மேலே நாலு விரற்கடைக்கு மண், அதற்குக் கீழே சிமெண்டுக் கட்டி, ஜல்லி, உடைந்த செங்கல், சில இடத்தில் சாக்குகூட வரும். மனையை மேடாக்கக் கொட்டிய சவுடு மண் என்றால் ஒரு மாதிரி, வயல் மண் என்றால் வேறு மாதிரி. குழியில் தண்ணீரை நிரப்பி வடிய விடுங்கள், அப்புறம் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் இரண்டு மூன்று மணி நேரத்தில் கணிசமாக இறங்கினால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் நிற்கிறது என்றால் உங்களுடையது அசல் காவிரிக் களிமண். நெல்லுக்கு அது வரம், புல்தரைக்கு வேலை வைக்கும் மண். அங்கே ஒன்று, மணலும் மக்கிய எருவும் கலந்து அரை அடிக்குத் தரையை உயர்த்தி, தெருப்பக்கம் வாட்டம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்தைத் தாங்கும் புல்லாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். களிமண்ணில் மணலைக் கொஞ்சமாகக் கலந்தால் அது காய்ந்து செங்கல்போல இறுகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். கலந்தால் தாராளமாகக் கலக்க வேண்டும், இல்லையென்றால் எருவை மட்டும் போட்டுக் கொத்திவிடுவது மேல்.

உப்பு விஷயம் ஊருக்கு ஊர் மாறும். கும்பகோணம், பாபநாசம் பக்கம் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி என்று கடலை நெருங்க நெருங்க போர் தண்ணீரை நாக்கில் வைத்தாலே தெரியும். குழாயடியிலும் பூந்தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது ஓர் அடையாளம். தண்ணீரையும் மண்ணையும் சோதனைக்குக் கொடுத்து மின்கடத்துத் திறன் (EC, உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் அளவு) எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். நீடாமங்கலத்திலும் சிக்கலிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன, அங்கே கேட்டால் வழி சொல்வார்கள். பாசனத் தண்ணீரில் அந்த எண் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் (dS/m) கீழே இருந்தால் எந்தப் புல்லும் போடலாம். 3ஐத் தாண்டினால் உப்பைத் தாங்கும் புல்லைத் தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள்.

அருகு

"ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி" என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோமே, அந்த அருகுதான் வெளிநாட்டுக்காரர்கள் பெர்முடா என்று சொல்லும் புல். வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் யாரும் கவனிக்காமல் கிடப்பதால் நமக்கு அதன் மதிப்பு தெரிவதில்லை. பிள்ளையாருக்குப் பறிக்கும்போது ஒரு கொடியை முழுசாக இழுத்துப் பாருங்கள்: கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும், போதாததற்கு மண்ணுக்கு அடியிலும் ஒரு தண்டு ஓடியிருக்கும். மேலே மாடு மேய்ந்தாலும், கத்திரி வெயிலில் காய்ந்து வைக்கோல் நிறமானாலும், அடியில் இருக்கும் அந்தத் தண்டு உயிரோடு இருக்கும். ஒரு மழை போதும், துளிர்த்துவிடும். பிள்ளைகள் ஓடி விளையாடும் வாசலுக்கு இதைவிடப் பொருத்தமான புல் எனக்குத் தெரிந்து இல்லை. தேய்ந்த இடத்தைத் தானே மூடிக்கொள்ளும், உப்பையும் ஓரளவு நன்றாகவே தாங்கும், ஒன்றிரண்டு நாள் தண்ணீர் நின்றாலும் பெரிதாக எடுத்துக்கொள்ளாது.

அதற்கு ஆகாதது நிழல். 6 மணி நேர வெயில் இல்லாத இடத்தில் அருகை நட்டால் நீண்டு, மெலிந்து, இடையிடையே மண் தெரிய ஆரம்பித்துக் கடைசியில் கோரைக்கு இடம் விட்டுக் கொடுத்துவிடும். இன்னொன்று, அது பக்கத்துப் பூச்செடிப் பாத்தியையும் விடாது. ஓரத்தில் செங்கல்லையோ கடப்பாக் கல்லையோ நன்றாக ஆழமாகப் பதிக்காவிட்டால் ரோஜாச் செடிக்கடியில் போய் எட்டிப் பார்க்கும்.

நர்சரிகளில் கிடைக்கும் மெல்லிய இலை பெர்முடா, நாட்டு அருகையும் ஆப்பிரிக்க அருகு ஒன்றையும் கலந்து உருவாக்கிய கலப்பினம். அவற்றில் பேர் பெற்றது டிஃப்வே 419. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் டிஃப்டன் என்ற ஊரில் உருவாகி 1960இல் வெளிவந்தது, கிரிக்கெட், கால்பந்து மைதானங்களில் கிடப்பது பெரும்பாலும் இந்த மாதிரிக் கலப்பினங்கள்தான். பட்டுப்போல அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு அங்குல உயரத்துக்குள் வைத்து வாரம் ஒருமுறை, வளரும் காலத்தில் இரண்டு முறை கூட வெட்ட வேண்டும், தழைச்சத்தும் அதிகம் கேட்கும். வேலைக்குப் போய் வரும் வீடுகளில் இது நடக்கிற காரியமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்தக் கலப்பினம் மலடு, விதையே கொடுக்காது. யாராவது டிஃப்வே விதை என்று பாக்கெட் நீட்டினால் வாங்காமல் திரும்புங்கள். சாதாரண வீட்டுக்கு நாட்டு அருகே போதும். ஒன்றரை அங்குலத்தில் வெட்டி விட்டால் அதுவும் மெத்தையாக வரும்.

கொரியன் புல்

இலை ஊசிபோல மெல்லிசாக, நெருக்கமாக, மெத்தைபோல வளரும் இது சாய்சியா இனத்தைச் சேர்ந்தது. வெட்டாமல் விட்டாலும் உயரமாகப் போகாது, மேடு மேடாகப் பொங்கி நிற்கும். சிலருக்கு அந்த அழகு பிடிக்கும். அருகைவிட நிழலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், 4, 5 மணி நேர வெயில் போதும், உப்பும் பரவாயில்லை. பெரிய குறை, வளர்ச்சி மிக மெதுவு. துண்டு துண்டாக நட்டால் மூடுவதற்கு ஒரு வருஷம்கூட ஆகும், அதனால்தான் எல்லோரும் கட்டையாகவே வாங்குகிறார்கள், செலவு கூடுகிறது. மிதித்துத் தேய்ந்த இடமும் அதே மெதுவில்தான் ஆறும். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் வைக்கவே கூடாது, அக்கா வீட்டில் பார்த்தது அதைத்தான். வாசலை ரசிக்க மட்டும் வைத்திருப்பவர்கள், மேட்டு மனை, நல்ல வடிகால், இது மூன்றும் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். மெக்சிகன் புல் என்ற பெயரில் விற்பதிலும் பெரும்பகுதி இதே இனம்தான், ஆனால் கடைக்குக் கடை அந்தப் பெயரில் வேறு வேறு புல் வரும்.

நிழலுக்கு

தென்னைக்கும் மாமரத்துக்கும் அடியில் இருக்கும் வாசல்தான் நம் பக்கம் அதிகம். அங்கே எருமைப்புல் என்று நர்சரியில் கேளுங்கள். அகல இலை, தட்டையான தடித்த கொடி, இலை நுனி படகு மூக்குபோல மழுங்கி இருக்கும். 4 மணி நேர வெயில் போதும், தென்னை ஓலை வழியாகச் சல்லடைபோல விழும் வெயிலிலும் பிழைக்கும், உப்பையும் ஓரளவு தாங்கும். இதை ஒட்ட வெட்டவே கூடாது, மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் விட வேண்டும். மண்ணுக்கு அடியில் ஓடும் தண்டு இதற்குக் கிடையாது, அதனால் சித்திரையில் தண்ணீர் காட்டாமல் ஊருக்குப் போனால் அருகைப்போலத் திரும்பி வராது. அமெரிக்கப் பக்கங்களில் இதே பெயரை மொழிபெயர்த்தாற்போல பஃபலோ கிராஸ் என்று ஒன்று வரும், அது வறண்ட சமவெளியில் வளரும் வேறு புல். அதைப் படித்துவிட்டு இதற்குத் தண்ணீர் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னும் ஈரமும் நிழலும் கூடிய கொல்லைப்புறத்துக்குக் கார்பெட் புல் என்ற அகல இலைப் புல் இருக்கிறது, எருவும் அதிகம் கேட்காது. உப்பு மட்டும் அதற்கு ஆகவே ஆகாது, கடற்கரைப் பக்கம் வேண்டாம்.

கடலோர வீடுகளுக்கு

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் நாகை, வேதாரண்யம் பக்கத்து வீடுகளுக்குக் கடலோரப் பாஸ்பாலம் என்று ஒரு புல் உண்டு. உலகத்தில் கடற்கரைச் சதுப்புகளில் தானாக வளரும் புல் அது, புல்தரைக்குப் பயன்படும் புற்களில் உப்பை அதிகம் தாங்குவது இதுதான். தேங்கும் தண்ணீரையும் தாங்கும். நம் பக்கத்துச் சின்ன நர்சரிகளில் எளிதில் கிடைக்காது, சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். கிடைக்காவிட்டால் அருகைப் போடுங்கள். எந்தப் புல் போட்டாலும் உப்புத் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது கெடுதல், உப்பெல்லாம் மேல் மண்ணிலேயே தங்கிவிடும். இடைவெளி விட்டு ஆழமாக நனையும்படி விட்டால்தான் உப்பு வேருக்குக் கீழே இறங்கும்.

கடையில் பெயரை நம்பாமல் புல்லையே அடையாளம் காண ஒரு வழி, பூக்கதிர். வெட்டாமல் ஓரத்தில் விட்டிருக்கும் புல்லில் தேடினால் கிடைக்கும். விரல் விரித்தாற்போல மூன்று முதல் ஏழு கதிர் ஒரே இடத்திலிருந்து கிளம்பினால் அருகு. உண்டிவில் கவைபோல இரண்டாகப் பிரிந்தால் பாஸ்பாலம். அதே மாதிரி இரண்டு, அதற்குச் சற்றுக் கீழே மூன்றாவதாக ஒன்று என்றால் கார்பெட். சின்னதாக ஒற்றைக் கதிர் மட்டும் நின்றால் கொரியன், தடித்த ஒற்றைக் கதிர் என்றால் எருமைப்புல்.

கோரையை முதலில் ஒழியுங்கள்

எந்தப் புல் வாங்குவது என்று முடிவான பிறகும் உடனே வாங்காதீர்கள். வயல் மண் அடித்த மனை என்றால் அதோடு கோரைக்கிழங்கும் வந்திருக்கும். மேலே இருப்பதைப் பிடுங்கினால் அறுந்து வரும், கிழங்கு அடியிலேயே இருந்துகொண்டு பத்தே நாளில் மறுபடி முளைக்கும். நல்ல புல்லுக்கு நடுவே முளைத்துவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் களைக்கொட்டோடு உட்கார வேண்டியதுதான். அதனால் ஒரு அடி ஆழத்துக்குக் கொத்தி, கிழங்கைப் பொறுக்கி, தண்ணீர் விட்டு முளைக்க வைத்து, முளைத்ததை மறுபடி கிழங்கோடு தோண்டி எடுங்கள். இப்படி மூன்று முறையாவது செய்ய வேண்டும், ஒன்றரை மாதம் போனாலும் பரவாயில்லை. இந்த ஒன்றரை மாதத்தைப் பொறுக்காதவர்கள் எந்த உயர்ந்த ரகப் புல் போட்டும் பிரயோஜனம் இல்லை, நான் பார்த்த பாழான புல்தரைகளில் பாதி கோரையால் போனவை.

நடுவதற்கு ஆடிப்பெருக்கை ஒட்டிய நாட்கள் எனக்குப் பிடித்த காலம். வெயிலும் இருக்கும், அவ்வப்போது சாயங்கால மழையும் கிடைக்கும், ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். அதைத் தவறவிட்டால் பொங்கல் கழித்து நடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நட்டால் மழை அடித்துக்கொண்டு போகும். அருகைக் காசு கொடுத்துக் கட்டையாக வாங்க அவசியமில்லை. வேரோடு பிய்த்து நாலு அங்குல இடைவெளியில் நாற்று நடுவதுபோல ஊன்றினால் இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும்.

வளர்ந்த பிறகு வாரத்துக்கு ஒரு அங்குலத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் 1,000 சதுர அடிக்குச் சுமார் 2,360 லிட்டர் ஆகிறது, கோடையில் இன்னும் கூடும். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு வாசலில் பாதிக்கு மட்டும் புல் போட்டு மீதியில் மரம் வைப்பதென்றால் அது ரொம்பச் சரியான முடிவு. புல் பச்சையாக இல்லாமல் வெளிறி மஞ்சளாக இருந்தால் உடனே யூரியாவைக் கொட்டாதீர்கள்; சிமெண்டுக் கழிவு கிடந்த மண்ணில் இரும்புச் சத்து புல்லுக்குக் கிடைக்காது, அன்னபேதியை (இரும்பு சல்பேட்) தண்ணீரில் கரைத்து லேசாகத் தெளித்தால் சில நாளில் நிறம் மாறும்.

இவ்வளவு பார்த்த பிறகும் இரண்டு புல்லுக்கு நடுவே மனசு ஊசலாடினால், இரண்டிலும் ஒரு சதுர அடி மட்டும் வாங்கி வந்து, உங்கள் வாசலிலேயே மோசமான மூலை எதுவோ அங்கே பக்கத்துப் பக்கத்தில் நட்டு, ஒரு மழைக்காலம் போகட்டும் என்று விடுங்கள். அக்கா வீட்டில் இரண்டாவது முறை அப்படித்தான் செய்தோம். மாமரத்தடியில் ஒரு சதுர அடி அருகு, ஒரு சதுர அடி எருமைப்புல். தை மாதம் போய் இரண்டையும் இழுத்துப் பார்த்தேன். அருகு நாலு இழையாக நின்றது. எருமைப்புல் அசையவே இல்லை, கொடி ஒரு முழத்துக்கு மரத்தைச் சுற்றிப் போயிருந்தது. இப்போது மரத்தடியில் அது, வெயிலில் அருகு, நடுவில் ஒரு வரிசை செங்கல்.